டிரியெஸ்ட் கடற்கரையில் காபிக் கடைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலியின் வடகிழக்கு மூலையில், ஸ்லோவேனிய எல்லையை ஒட்டி, அட்ரியாட்டிக் கடலோரத்தில் இருக்கிறது டிரியெஸ்ட். 1964-இல் அப்துஸ் சலாம் தொடங்கிய கோட்பாட்டு இயற்பியல் மையம் இங்கேதான். அதனால் படிக்கவும் ஆய்வு செய்யவும் நம்மவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்க அப்பா அம்மாவும் வருகிறார்கள். வந்து இறங்கிய மறுநாளே எல்லோரும் கேட்பது காபியைப் பற்றித்தான். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான் என்பதால் பதில்களை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன்.

டிரியெஸ்ட்னாலே காபின்னு சொல்றாங்களே, இந்த ஊர்ல காபி விளையுதா என்ன?

ஒரு செடிகூட இல்லை. இது துறைமுகத்தால் வந்த பெயர். 1719-இல் பேரரசர் ஆறாம் சார்லஸ் டிரியெஸ்ட்டைச் சுங்கவரி இல்லாத துறைமுகமாக அறிவித்தார். அப்போது இது ஆஸ்திரியாவின் ஆட்சியில் இருந்த ஊர். வியன்னாவுக்குப் போகும் காபி மூட்டைகள் இங்கே இறங்கின. 1857-இல் வியன்னாவிலிருந்து டிரியெஸ்ட் வரை ரயில் பாதை வந்ததும் வியாபாரம் இன்னும் பெருகியது. பச்சைக் கொட்டையை இறக்குபவர், தரம் பிரிப்பவர், வறுப்பவர், விற்பவர் என்று ஒரு ஊரே இந்தத் தொழிலில் வளர்ந்தது. ஹவுஸ்பிராண்ட் என்ற காபி நிறுவனம் 1892-இல் இங்கே தொடங்கியது. நம்மூர் விமான நிலையங்களில்கூடப் பார்க்கிற இல்லி, 1933-இல் இங்கே பிறந்தது. இன்றும் அதன் தலைமையிடம் இந்த ஊர்தான்.

முதல் உலகப் போர் முடிந்தபின் ஊர் இத்தாலியின் கைக்கு வந்தது. அதனால்தான் இங்குள்ள பழைய கடைகளுக்குள் நுழைந்தால் பளிங்கு மேசை, மர நாற்காலி, மணிக்கணக்கில் உட்கார விடும் பழக்கம் எல்லாம் வியன்னா மாதிரி இருக்கும். கோப்பையில் வருவது மட்டும் இத்தாலியக் காபி. இந்தச் சேர்க்கைக்காகத்தான் இந்த ஊருக்கு வரச் சொல்கிறேன்.

எனக்கு ஒரே ஒரு நாள்தான் இருக்கு. எந்தக் கடைக்குப் போகணும்?

காஃபே சான் மார்கோ. யோசிக்கவே வேண்டாம். பத்திஸ்தி தெருவில், யூதர்களின் பெரிய வழிபாட்டுக்கூடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1914 ஜனவரியில் திறந்தார்கள். மறுவருடம் மே மாதம், இத்தாலி ஆஸ்திரியா மீது போர் அறிவித்த நேரத்தில், கடையை அடித்து நொறுக்கினார்கள்; இத்தாலியோடு சேர வேண்டும் என்று விரும்பிய இளைஞர்கள் கூடும் இடம் என்பதுதான் காரணம். பிறகு மீண்டது, நடுவில் பலமுறை தள்ளாடியது, இன்றும் நடக்கிறது. உள்ளேயே ஒரு புத்தகக் கடையும் இருக்கிறது.

உள்ளே போனதும் கண் இருட்டுக்குப் பழகட்டும். பிறகு மேலே பாருங்கள். சுவரின் மேல்விளிம்பு நெடுகக் காபி இலைகளைத் தீட்டியிருப்பார்கள். அதற்குக் கீழே வட்டச் சித்திரங்களில் முகமூடி அணிந்த திருவிழா உருவங்கள். எல்லாம் பழுப்பும் மங்கிய தங்க நிறமுமாக இருக்கும். மேசைகள் பளிங்கு, கால்கள் வார்ப்பிரும்பு. ஒரு மேசையில் தாத்தா ஒருவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார். அடுத்ததில் இரண்டு மாணவர்கள் தேர்வுக்குப் படிப்பார்கள். காபி வாங்கியபின் யாரும் உங்களை எழுந்து போகச் சொல்ல மாட்டார்கள். காலை பத்து, பதினொரு மணிக்குப் போனால் கூட்டமும் குறைவு, வெளிச்சமும் நன்றாக விழும்.

கவுண்டர்ல போய் என்னன்னு கேக்கணும்? "எஸ்பிரெசோ"ன்னு சொன்னா போதாதா?

போதும், கிடைக்கும். ஆனால் இந்த ஊருக்கென்று தனிப் பேச்சு இருக்கிறது; அது தெரிந்தால் வேண்டியது வேண்டிய மாதிரி வரும். பாலில்லாத கட்டிக் காபி "நேரோ". அதில் கொஞ்சம் நுரைத்த பால் சேர்த்தால் "காப்போ". அதே காப்போ பீங்கான் கோப்பைக்குப் பதில் சின்னக் கண்ணாடி டம்ளரில் வேண்டுமென்றால் "காப்போ இன் பி". கண்ணாடி டம்ளருக்கான இத்தாலியச் சொல்லின் முதல் எழுத்துதான் அந்த "பி". நேரோவையும் இப்படிக் கேட்கலாம்: "நேரோ இன் பி". நடுவில் ஒரு சொட்டு நுரை மட்டும் போதுமென்றால் "கோச்சா". காஃபீன் இல்லாதது "தேகா".

ஊர்க்காரர்கள் அதிகம் கேட்பது காப்போ இன் பி. டொரினேசே மாதிரிச் சின்னக் கடையில் கவுண்டரில் நின்றபடி அதைப் போடுவதைப் பாருங்கள். காபி நேராக டம்ளருக்குள் இறங்கும். சில விநாடிகளில் நின்றுவிடும். பிறகு பால் பாத்திரத்தை ஒரு தட்டு தட்டிவிட்டு, நுரையை ஒரே ஊற்றாகச் சரிப்பார்கள். அடியில் கருப்பு, நடுவில் கலங்கிய பழுப்பு, மேலே விரல்கனத்துக்கு வெள்ளை. கலக்காமல் குடித்தால் முதல் வாய் பால், கடைசி வாய் கசப்பு. கலக்கினாலும் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

கப்புச்சினோ கேட்டேன், இத்தனூண்டு கொண்டுவந்து வச்சாங்க. ஏமாத்திட்டாங்களா?

இல்லை. மிலானிலோ ரோமிலோ கப்புச்சினோ என்றால் பெரிய கோப்பை. இங்கே அந்தப் பெயருக்குப் பல கடைகளில் மேலே சொன்ன காப்போதான் வரும். பெரிய கோப்பை வேண்டுமென்றால் "காஃபெலாத்தே" என்று கேளுங்கள். சுற்றுலாப் பயணிகள் அதிகம் வரும் கடைகளில் உங்கள் முகத்தைப் பார்த்ததும் எது வேண்டும் என்று அவர்களே திருப்பிக் கேட்பார்கள்.

அண்ணா, நம்ம ஃபில்டர் காபி மாதிரி எது இருக்கும்?

இதுதான் அதிகம் வரும் கேள்வி. நேர்மையாகச் சொன்னால், அப்படியே எதுவும் இருக்காது. நம் தூளில் சிக்கரி இருக்கிறது. அந்தக் கனமும் கருகிய இனிப்பும் அதிலிருந்து வருபவை. இங்கே சிக்கரி கலப்பதில்லை. நம் டிகாஷன் சொட்டுச் சொட்டாக இறங்குவது. இது அழுத்தத்தில் அரை நிமிடத்துக்குள் பிழிந்தெடுப்பது. பாலும் நாம் பொங்கக் காய்ச்சுகிற மாதிரி இருக்காது, நாக்கு பொறுக்கும் சூடுதான். "ரொம்பச் சூடாக" வேண்டுமென்றால் "பென் கால்தோ" என்று சொல்லிப் பாருங்கள்.

ருசியில் கிட்ட வருவது காப்போ இன் பி. காபியும் பாலும் அதில் நம் வீட்டு அளவுக்கு அருகில் இருக்கும்; ஒரு சர்க்கரைப் பொட்டலம் சேர்த்தால் இன்னும் அருகில் வரும். அளவில் ஒரு டம்ளர் நிறைய வேண்டுமென்றால் காஃபெலாத்தே. இன்னொன்று: முழுக்க அராபிகா வகைக் கொட்டை போடும் கடையில் காபி மென்மையாக, லேசான புளிப்போடு இருக்கும், இல்லி அப்படித்தான். ரொபஸ்டா வகைக் கொட்டையும் கலந்து வறுக்கும் கடையில் கசப்பும் கனமும் கூடும். ஸ்ட்ராங் காபி குடித்து வளர்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டாவதுதான் பிடிக்கிறது. கடையில் எந்த நிறுவனத்தின் காபி என்பது வாசல் பலகையிலோ கோப்பையிலோ எழுதியிருக்கும். பிடித்ததை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நின்னு குடிச்சா ஒரு விலை, உட்கார்ந்தா ஒரு விலையாமே?

ஆமாம், இத்தாலி முழுக்க அப்படித்தான். கவுண்டரில் நின்று குடிக்கும் நேரோ ஒன்றேகால், ஒன்றரை யூரோ என்ற அளவில் இருக்கும். மேசைக்குக் கொண்டுவந்து கொடுத்தால் கூடும். சதுக்கத்தில் வெளியே போட்ட மேசை என்றால் இன்னும் கூடும். விலைப்பட்டியல் கடையில் மாட்டியிருக்கும், உட்காருமுன் பார்த்துவிடுங்கள். தினம் குடிக்கும் காபியை நின்று குடியுங்கள். உட்கார்ந்து குடிப்பதற்கென்று சான் மார்கோ மாதிரிக் கடையை வைத்துக்கொள்ளுங்கள்.

காசு முதல்ல குடுக்கணுமா, குடிச்சிட்டுக் குடுக்கணுமா? டிப்ஸ்?

கூட்டமான கடைகளிலும் ரயில் நிலையத்திலும் முதலில் கல்லாவில் கொடுத்து ரசீது வாங்க வேண்டியிருக்கும். மற்ற இடங்களில் குடித்துவிட்டுக் கொடுக்கலாம். முன்னால் நிற்பவர் செய்வதைச் செய்யுங்கள். டிப்ஸ் யாரும் எதிர்பார்ப்பதில்லை.

பெரிய சதுக்கத்துல இருக்கிற காஃபே டெல்யி ஸ்பெக்கி நல்லா இருக்குமா? அநியாய விலைன்னு ரூம்மேட் சொல்றான்.

பியாட்சா உனித்தா சதுக்கத்துக்கு மூன்று பக்கம் அரண்மனை மாதிரிக் கட்டடங்கள், நான்காவது பக்கம் கடல். அந்தச் சதுக்கத்தில் 1839 முதல் இருக்கிற கடை அது. வெளியே மேசை போட்டு உட்கார்ந்தால் கப்பல்கள் நகர்வது தெரியும். விலை அதிகம்தான், நீங்கள் காபிக்கு மட்டும் கொடுக்கவில்லை, அந்த இடத்துக்கும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள். வெயில் சாயும் நேரத்தில், யாராவது விருந்தாளி வந்திருக்கும்போது, ஒருமுறை போங்கள். கட்டடங்களின் விளக்குகள் எரியத் தொடங்கும்வரை உட்கார்ந்திருந்தால் கொடுத்த காசு உறுத்தாது. மதியம் சுற்றுலாக் கூட்டத்தில் போய் அவசரமாகக் குடித்துவிட்டு வராதீர்கள்.

அப்பா அம்மா வந்திருக்காங்க. ரொம்ப நடக்க முடியாது, இரைச்சலும் ஆகாது. எங்க கூட்டிட்டுப் போறது?

காஃபே டொம்மசேயோ. 1830-இல் திறந்தது, இப்போது நடக்கும் பழைய கடைகளில் மூத்தது. பியாட்சா உனித்தாவிலிருந்து சில நிமிட நடை, முழுக்கச் சமதரை, கடல் பக்கத்திலேயே. உள்ளே வெள்ளைச் சுதை வேலைப்பாடும் பெரிய கண்ணாடிகளுமாக வெளிச்சமாக இருக்கும். சான் மார்கோவின் இருட்டு சிலருக்குப் பிடிக்காது. பெரியவர்களுக்கு இது ஒத்துப்போகும். காபியோடு ஒரு டம்ளர் தண்ணீரும் வரும். வராவிட்டால் கேளுங்கள்; குழாய்த் தண்ணீரே இங்கே குடிக்க நல்லது.

டொரினேசே இதற்குச் சரிப்படாது. கோர்சோ இத்தாலியாவின் தொடக்கத்தில் 1919 முதல் இருக்கிற கடை. அழகென்றால் அப்படி ஓர் அழகு: இழைத்த மரச் சுவர், வளைவான கவுண்டர், மேலே படிகச் சரவிளக்கு. கப்பல் அறைகளுக்கு மரவேலை செய்த கைகள் செய்தது என்பார்கள். பார்த்தால் நம்பத் தோன்றும். ஆனால் இடம் மிகச் சின்னது. உள்ளே நின்று குடித்துவிட்டு நகர வேண்டியதுதான்.

நாங்க சுத்த சைவம். காபியோட கடிச்சுக்க என்ன வாங்கலாம்?

முட்டை சேர்ப்பீர்களா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். இங்கே கேக், பிரியோஷ் எல்லாவற்றிலும் அநேகமாக முட்டை இருக்கும். இன்னொரு கவனம்: சில ரொட்டிகளிலும் உப்புப் பலகாரங்களிலும் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள், அதன் பெயர் "ஸ்த்ரூத்தோ". பழக் கேக்குகளின் மேல் பளபளக்கும் கூழில் ஜெலட்டின் இருக்கலாம். "சென்சா ஸ்த்ரூத்தோ?" என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். உணவு ஒவ்வாமைப் பட்டியல் எழுத்திலேயே வைத்திருப்பார்கள், வாங்கிப் பாருங்கள். ஆனால் அதில் முட்டையும் பாலும் இருக்கும், பன்றிக் கொழுப்பு இருக்காது. அதை வாயால்தான் கேட்க வேண்டும்.

முட்டை பரவாயில்லை என்பவர்கள் பிரெஸ்னிட்ஸ், புத்தீட்சா இரண்டையும் விடாதீர்கள். முதலாவது கொட்டைகளும் உலர்பழமும் திணித்துச் சுருட்டிய பலகாரம். இரண்டாவது புளித்த மாவில் அக்ரூட் பூரணம் வைத்துச் சுருட்டியது. துண்டு போட்டால் உள்ளே சுருள் சுருளாகத் தெரியும். இரண்டிலும் ரம் சேர்க்கும் வழக்கம் உண்டு. மதுவைத் தொடாதவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

பால் ஒத்துக்காது. காஃபீனும் வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டார். அப்போ?

லாக்டோஸ் இல்லாத பால் "சென்சா லத்தோசியோ". சோயா "சோயா"தான், ஓட்ஸ் பால் "அவேனா". காஃபீன் வேண்டாதவர்கள் தேகா கேட்கலாம். அதிலும் சிறிதளவு காஃபீன் தங்கியிருக்கும். அறவே கூடாது என்றால் "ஓர்சோ" கேளுங்கள், வறுத்த பார்லியில் போடுவது. கவுண்டரில் "ஜின்செங்" என்றும் ஒன்று இருக்கும். அதில் பெரும்பாலும் காபி, சர்க்கரை, பால்பொடி எல்லாமே கலந்திருக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது.

லேப்டாப்ப வச்சுக்கிட்டு வேலை பாக்கலாமா?

சான் மார்கோவில் பார்க்கலாம், பலர் பார்க்கிறார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் மேசையைப் பிடித்து வைக்காதீர்கள். டொரினேசேயில் லேப்டாப் திறக்கவே இடமில்லை. ஸ்பெக்கியில் திறந்தால் உங்களுக்கே சங்கடமாக இருக்கும்.

கடலைப் பார்த்துக்கிட்டே காபி குடிக்கணும். ஊருக்கு வெளியே எங்க போகலாம்?

ரயில் நிலையத்திலிருந்து 6-ஆம் எண் பேருந்து பார்கோலா கடற்கரை வழியாக மிராமாரே, கிரிஞ்ஞானோ பக்கம் போகும். இயற்பியல் மையத்தில் இருப்பவர்களுக்கு இது தினசரிப் பாதை. பார்கோலாவில் மணல் கிடையாது. நடைபாதையிலேயே துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள். சாலையோரக் கடைகளில் அலங்காரம் எதுவும் இருக்காது. ஆனால் காலை ஏழரை மணிக்கு, நீந்திவிட்டு ஈரத் தலையோடு வந்து நிற்கும் பாட்டிமார்களோடு ஒரு காப்போ இன் பி குடித்துப் பாருங்கள். எனக்கு இந்த ஊரின் ஆகச் சிறந்த காபி அதுதான்; பழைய பெயர்பெற்ற கடைகளுக்கு மேலாகவே வைப்பேன்.

அரை நாள் இருந்தால் மூஜாவுக்குப் போங்கள். வளைகுடாவின் எதிர்ப்பக்கம் இருக்கும் குட்டி ஊர். வெனிஸ் ஆட்சியில் இருந்ததால் கட்டடங்களும் சந்துகளும் அந்தச் சாயலில் இருக்கும். படகிலும் போகலாம், 20-ஆம் எண் பேருந்திலும் போகலாம். படகுத்துறைக்கு எதிரே மீன்பிடிப் படகுகள் கட்டியிருக்கும் சின்னத் துறையைச் சுற்றிக் கடைகள் உண்டு. நடக்கப் பிடித்தவர்கள் வடக்கே சிஸ்டியானாவிலிருந்து துயினோ வரை குன்றின் விளிம்போடு போகும் பாதையில் நடக்கலாம், ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். துயினோ ஊருக்குள் காபி கிடைக்கும். பாதையில் எதுவும் கிடைக்காது, தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

போரா காத்து அடிச்சா கடையெல்லாம் மூடிடுவாங்களா?

மூட மாட்டார்கள். போரா வடகிழக்கிலிருந்து இறங்கும் குளிர்க்காற்று. பலமாக அடிக்கும்போது மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். வெளி மேசைகளை மட்டும் உள்ளே எடுத்துவிடுவார்கள். பார்கோலா, மூஜா படகு எல்லாவற்றையும் அன்றைக்கு மறந்துவிடுங்கள். குடை எடுக்காதீர்கள், உடைந்து பறக்கும். சான் மார்கோவுக்கோ டொம்மசேயோவுக்கோ போய்க் காற்று ஓயும்வரை இருங்கள். இந்த ஊரில் காபிக் கடைக்குள் மணிக்கணக்கில் உட்காரும் பழக்கம் எவ்வளவு தேவையானது என்று அன்றைக்குத் தெரியும்.

எந்த மாசம் வந்தா நல்லது?

மே, ஜூன், செப்டம்பர். ஆகஸ்டில் சின்னக் கடைகள் பல விடுமுறைக்கு மூடியிருக்கும். அக்டோபர் இரண்டாம் ஞாயிறு பார்கொலானா பாய்மரப் படகுப் போட்டி. 1969 முதல் நடக்கிறது. ஆயிரக்கணக்கான பாய்கள் ஒரே நேரத்தில் விரிவது பார்க்க வேண்டிய காட்சி. ஆனால் அந்த வாரம் கடலோரக் கடைகளில் நிற்கவும் இடமிருக்காது, அறை வாடகையும் ஏறிவிடும். காபித் தொழிலில் இருப்பவர்கள் இரட்டைப்படை ஆண்டுகளின் இலையுதிர் காலத்தில் வரலாம். காபி வணிகத்துக்கான பெரிய கண்காட்சி அப்போதுதான் நடக்கும்.

அப்படியே ஸ்லோவேனியா பக்கமும் ஒரு எட்டு போயிட்டு வரலாமா? விசா பிரச்சினை வருமா?

கோப்பர், பீரன் இரண்டும் பக்கத்துக் கடலோர ஊர்கள். கோப்பர் இருபது கிலோமீட்டர் சுற்றளவில்தான். ஸ்லோவேனியாவில் 2007 முதல் யூரோதான், பணம் மாற்ற வேண்டாம். இரண்டு நாடுகளும் ஷெங்கனில் இருப்பதால் தனி விசா தேவையில்லை. ஆனால் 2023 அக்டோபரில் இத்தாலி அந்த எல்லையில் சோதனையை மீண்டும் தொடங்கியது. பாஸ்போர்ட்டையும் குடியிருப்பு அனுமதி அட்டையையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், போட்டோ நகல் போதாது. ஒருமுறை மட்டும் நுழையும் விசா என்றாலும் ஷெங்கனுக்குள்ளேயே போய்த் திரும்புவதில் சிக்கல் இல்லை.

எல்லை தாண்டியதும் மேலே சொன்ன காப்போ, நேரோ எல்லாம் செல்லாது. பால் காபிக்கு "காவா ஸ் ம்லேகோம்", பால் தூக்கலாக வேண்டுமென்றால் "பேலா காவா". பீரனில் கடலைப் பார்த்த வட்டச் சதுக்கத்தில் உட்கார்ந்து குடிக்கலாம்.

ஊருக்கு எந்தக் காபி வாங்கிட்டுப் போறது? நம்ம ஃபில்டர்ல போட வருமா?

வரும், அரைப்பு சரியாக இருந்தால். எஸ்பிரெசோவுக்கென்று அரைத்த தூள் மாவு மாதிரி இருக்கும். நம் பித்தளை, எவர்சில்வர் ஃபில்டரில் போட்டால் ஓட்டை அடைத்துக்கொண்டு இறங்கவே இறங்காது. "மோக்கா" என்று போட்ட தூள் கொஞ்சம் பருமன், அது இறங்கும். சிக்கரி இல்லாததால் டிகாஷன் தண்ணியாக இருப்பது போலத் தோன்றும்; வழக்கமாகப் போடுவதைவிட ஒரு கரண்டி கூடப் போடுங்கள், தூளை லேசாக மட்டும் அழுத்துங்கள்.

பெட்டியில் வைக்க அடைத்த டப்பா வசதி. திறக்காதவரை மாதக்கணக்கில் மணம் போகாது. ஊருக்குப் போய் ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுவீர்கள் என்றால், "டொரெஃபட்சியோனே" என்று பலகை போட்ட வறுவல் கடையில் வறுத்த தேதி கேட்டுக் கொட்டையாக வாங்குங்கள். வீட்டில் அரைக்க மிஷின் இல்லையென்றால் அங்கேயே மோக்காவுக்கு அரைத்துத் தரச் சொல்லலாம்.